மறுபாதிக் கடிதங்கள்

பாஸ்டன், ஸ்டேட் தெரு

பாஸ்டனில் முதல் நாள் காலையில் நான் போய் நின்றது ஒரு பால்கனிக்குக் கீழே. 1713-ல் கட்டிய செங்கல் கட்டடம் அது. பழைய அரசு மாளிகை என்கிறார்கள். அதன் அடித்தளத்திலேயே சுரங்க ரயில் நிலையத்தின் வாசல் இருக்கிறது. ரயில் போகும்போதெல்லாம் பாதத்தில் ஒரு நடுக்கம் ஏறி இறங்குகிறது. அக்டோபர் காற்று கோட்டுக்குள் புகுந்து எலும்பைத் தொட்டது. என்னோடு வந்திருந்த தங்கை மகள் இந்த ஊரில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறாள். "தினமும் இங்கதான் இறங்குறேன் பெரியம்மா. ஒருநாளும் தலையத் தூக்கி மேல பாத்ததில்ல" என்றாள்.

1776 ஜூலை 18, வியாழக்கிழமை. அந்தப் பால்கனியில் நின்று அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை உரக்கப் படித்தார்கள். கீழே கூட்டத்தில் 31 வயதுப் பெண் ஒருவர் நின்றிருந்தார். பெயர் அபிகேல் ஆடம்ஸ். பிரகடனத்தை எழுத அமைத்த ஐவர் குழுவில் அவருடைய கணவர் ஜான் ஆடம்ஸும் ஒருவர். பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி ஆனவர். ஆனால் அன்றைக்கு ஜான் இருந்தது தொலைவில், பிலடெல்பியாவில். மனைவி பாஸ்டனுக்கு வந்த காரணம் அரசியல் அல்ல. அம்மை குத்திக்கொள்ள நான்கு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

ஜென்னரின் தடுப்பூசி வருவதற்கு 20 வருடம் முந்தைய காலம் அது. அம்மைக் கொப்புளத்தின் சீழை எடுத்துத் தோலைக் கீறி வைத்துவிடுவார்கள். நோய் லேசாக வந்து போகும் என்று நம்பிக்கை. சிலருக்கு லேசாக வராது. பதினோரு வயது மகளுக்கு உடம்பெல்லாம் ஆயிரத்துக்கும் மேலே முத்துகள். ஆறு வயது சார்லஸுக்குக் கீறியது பிடிக்கவேயில்லை. திரும்பத் திரும்பக் கீறினார்கள். கடைசியில் தானாகவே அம்மை கண்டு, நாள் கணக்கில் நினைவு தப்பிப் பிதற்றினான். பிரகடனம் கேட்டுவிட்டு வந்த அபிகேல் ஜூலை 21 அன்று கணவருக்கு எழுதினார். மணிகள் ஒலித்தது, பீரங்கிகள் வெடித்தது, அரசரின் சின்னத்தைக் கட்டடத்திலிருந்து பெயர்த்துத் தெருவில் கொளுத்தியது எல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. பிள்ளைகளின் காய்ச்சலும் அதே கடிதத்தில் இருக்கிறது.

வீட்டில் அம்மை பார்த்தால் வாசலில் வேப்பிலை செருகிவிட்டு வாயைக் கட்டிக்கொள்ளும் ஊர்க்காரி நான். அம்மை பார்த்த வீட்டிலிருந்து ஒரு தேசத்தின் பிறப்பைப் பற்றி எழுதிய அந்தக் கைகளை நினைத்துக்கொண்டே வெகுநேரம் அங்கே நின்றேன்.

அந்தக் கோடையில் அபிகேல் தங்கியது உறவினர் வீட்டில். அங்கே அத்தையின் படுக்கையறையை ஒட்டி ஒரு சின்னத் தனியறை, அதற்கு ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பூந்தோட்டம், உள்ளே எழுதுமேசையும் புத்தக அலமாரியும். தனக்கென்று சொல்லிக்கொள்ள ஜன்னல் வைத்த இப்படியொரு சின்ன அறை வேண்டுமென்று எப்போதும் ஆசைப்பட்டதாக ஆகஸ்ட் மாதக் கடிதம் ஒன்றில் கணவருக்குச் சொல்கிறார். நான்கு பிள்ளைகள், பண்ணை, வேலையாட்கள், போர், அம்மை. இத்தனைக்கும் நடுவே அவர் கேட்டது ஒரு ஜன்னல்.

மதியம் துறைமுகத்துப் பக்கம் ஒரு கடையில் மட்டி சூப் குடித்தோம். மட்டிச் சதையும் உருளைக்கிழங்கும் பாலில் வெந்து, கஞ்சி பதத்தில், நாக்கில் கடல் உப்போடு இறங்கியது. குளிருக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. மிளகு மட்டும் நானே கைநிறையத் தூவிக்கொண்டேன்.

பாஸ்டன், பாய்ல்ஸ்டன் தெரு

நான் பாஸ்டன் வந்ததே இந்தத் தெருவில் 1154-ஆம் எண் கட்டடத்துக்காகத்தான். மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகம். 1791-ல் தொடங்கிய இதுதான் அந்த நாட்டின் மிகப் பழைய வரலாற்றுக் கழகம். ஆடம்ஸ் குடும்பத்தின் காகிதங்கள் முழுவதும் இங்கே இருக்கின்றன. அவற்றை 1950-களில் நுண்படம் எடுத்தபோது 608 சுருள்கள் ஆயின. ஜானும் அபிகேலும் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள் மட்டும் 1,100-க்கு மேல்.

வாசிப்பறைக்குள் பேனா கூடாது, பென்சில்தான். மூலக் கடிதங்களை எளிதில் வெளியே எடுப்பதில்லை; திரையில் பெரிதாக்கிய படங்களைப் பார்க்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரே ஒரு தாளை நேரில் பார்த்தேன். அபிகேலின் கையெழுத்து. கந்தல் துணியை அரைத்துச் செய்த காகிதம், இருநூற்றைம்பது வருடம் ஆகியும் நம் பள்ளிக்கூட நோட்டைவிடத் திடமாக இருந்தது. மை மட்டும் கறுப்பிலிருந்து இறங்கிக் காய்ந்த தேயிலை நிறத்துக்கு வந்திருந்தது.

அந்த மை என்ன என்று அங்கே வேலை பார்த்த அம்மையாரிடம் கேட்டேன். ஓக் மரத்தில் பூச்சி முட்டையிட்ட இடத்தில் கொட்டைபோல் ஒன்று புடைத்து விளையும், அதை நசுக்கி ஊறவைத்து, இரும்பு உப்பும் பிசினும் சேர்ப்பார்கள் என்று விளக்கினார். கேட்கக் கேட்க எனக்கு மெய் சிலிர்த்தது. அந்தக் கொட்டை மாசிக்காய்! பச்சைப்பிள்ளைக்கு உரைமருந்து உரைக்கும்போது ஜாதிக்காயோடும் வசம்போடும் எங்கள் ஆச்சி கல்லில் தேய்த்த அதே மாசிக்காய். அந்த இரும்பு உப்பு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி. ஆச்சியின் மருந்துப் பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்த இரண்டு பொருள்கள், உலகத்தின் அந்தக் கோடியில் ஒன்று சேர்ந்து கடிதம் ஆகியிருக்கின்றன. கையால் விளக்கிக் காட்டி அந்த அம்மையாரிடம் சொன்னேன். "எங்கள் வீட்டில் இதைக் குழந்தைக்குக் கொடுப்போம்." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எந்த நோய்க்கு, எவ்வளவு, எப்படி உரைப்பது என்றெல்லாம் விசாரித்துப் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் உறை கிடையாது. எழுதிய தாளையே மடித்து, வெளிப்பக்கத்தில் விலாசம் எழுதி, அரக்கு வைத்து முத்திரை குத்திவிடுவார்கள். நம் இன்லேண்டு லெட்டர்தான் அது, பசைக்குப் பதில் அரக்கு. பிரிக்கிறவர் அவசரப்பட்டால் அரக்கோடு தாளும் கிழிந்து ஒரு சொல்லோ இரண்டு சொல்லோ போய்விடும். திரையில் பார்த்த பல கடிதங்களில் அந்த ஓட்டை இருந்தது. அப்பாவின் கடிதம் வந்த நாளில் அம்மா ஈர்க்குச்சியை விட்டு மெல்ல மெல்லப் பிரிப்பாள். ஒரு சொல்கூடப் போகக் கூடாது.

அப்பாவுக்கு பிலாயில் வேலை. கோவில்பட்டி வீட்டில் வாசல் நடைக்கு மேலே ஒரு வளைந்த கம்பி தொங்கும். வந்த கடிதமெல்லாம் அதில் குத்தி ஏறும். வருடக்கணக்கில் நீல நிறமாக அது பருத்துக்கொண்டே போயிற்று. அம்மா எழுதிய பதில்கள் பிலாயில் அப்பா இருந்த குவார்ட்டர்ஸ் ஒவ்வொன்றாக மாறியபோது எங்கெங்கோ போய்விட்டன. எங்களிடம் இருப்பது பாதி. அப்பாவின் பாதி.

பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான். முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் இறந்த பிறகு, தங்களுக்குள் போய்வந்த கடிதங்களை அவர் மனைவி மார்த்தா எரித்துவிட்டார். ஒரு மேசைக்குள் தங்கிவிட்டதால் தப்பியவை சொற்பம். மூன்றாவது ஜனாதிபதி ஜெஃபர்சன், மனைவி இறந்தபின் இருவரின் கடிதங்களையும் அழித்தார். இரண்டாமவர் வீட்டில் மட்டும் இரண்டு பாதியும் இருக்கிறது. அதுவும் அபிகேலின் விருப்பத்தால் அல்ல. தன் கடிதங்களை எரித்துவிடும்படி அவர் கேட்டார். முறையாகப் பள்ளிக்கூடம் போகாதவர். காதுக்குக் கேட்டபடி எழுத்துக்கூட்டுவார், அதில் அவருக்கு வெட்கம் உண்டு. 1776 ஏப்ரலில் ஜான் மறுத்து எழுதினார்: அதைச் செய்ய வேண்டுமானால் முதலில் உன்னை நான் மறக்க வேண்டும் என்ற பொருளில். அதற்கு இரண்டு வருடம் முன்பே தன் கடிதங்களைப் பத்திரமாக எடுத்துவைக்கும்படி மனைவியிடம் சொல்லியிருந்தார். பின்னால் வருகிறவர்களுக்கு இந்தக் காலம் தெரிய வேண்டும் என்றார். 1776 ஜூனில் கடிதங்களைப் பிரதி எடுக்கவென்றே ஒரு பெரிய நோட்டு வாங்கினார்.

அப்படித் தப்பியவற்றில் நான் முதலில் தேடிப் படித்தது ஒரு குண்டூசிக் கடிதம். 1775 ஜூன். போர் தொடங்கிக் கப்பல்கள் நின்றுபோனதால் ஊரில் குண்டூசி கிடைக்கவில்லை. ஒரு கட்டில் ஆறாயிரம் ஊசி, முன்பு ஒரு டாலர், இப்போது விலையைக் கூட்டிக் கொடுத்தாலும் கிடைப்பதில்லை. பிலடெல்பியாவில் ஒரு கட்டு வாங்கிப் பெட்டியில் போட்டு வாருங்கள் என்கிறார். ஒரு பேரரசு உடைவதை இந்த ஒரு வரியில் நான் புரிந்துகொண்ட அளவுக்கு வேறு எந்தப் புத்தகத்திலும் புரிந்துகொண்டதில்லை.

குவின்சி, இரண்டு வீடுகள்

மறுநாள் தெற்கே குவின்சி. சிவப்புத் தடத்து ரயில் ஆற்றைத் தாண்டியதும் மேப்பிள் மரங்கள் மஞ்சளும் செம்மண் நிறமுமாய் இரு பக்கமும் ஓடிவந்தன. ஆடம்ஸ் காலத்தில் இந்த ஊர் பிரெயின்ட்ரீயின் ஒரு பகுதி. கடிதங்களின் தலைப்பில் அந்தப் பெயர்தான் இருக்கும். இன்று ஊரில் கால்வாசிக்கு மேல் ஆசியக் குடும்பங்கள். நிலையத்துக்கு அருகே சீனக் காய்கறிக் கடையில் கொத்தவரையும் முருங்கைக்காயும் பார்த்து இருவரும் சிரித்துக்கொண்டோம்.

கார்கள் விரைகிற சாலை ஓரத்தில், ஒரே வளாகத்துக்குள் இரண்டு மர வீடுகள். இரண்டுக்கும் நடுவே 75 அடி. ஒன்றில் 1735-ல் ஜான் பிறந்தார். மற்றதில் 1767-ல் அவர் மகன் ஜான் குவின்சி பிறந்தார். அவர் ஆறாவது ஜனாதிபதி. பின்பக்கக் கூரை தரையைத் தொடப் போவதுபோல நீண்டு சரிந்திருக்கும் எளிய குடியானவர் வீடுகள். தலையைக் குனிந்துதான் நுழைய வேண்டும். அடுப்பங்கரையின் அடுப்பு, ஓர் ஆள் உள்ளே நுழைந்து நிற்கும் அளவுக்குப் பெரியது. இரும்புச் சட்டியில் மக்காச்சோள மாவைக் கிண்டி வெல்லப்பாகு விட்டுச் சாப்பிடுவார்கள் என்று வழிகாட்டிய அம்மையார் சொன்னார். களிதான். துடுப்பு மட்டும்தான் இல்லை.

மகன் பிறந்த வீட்டின் ஒரு பகுதி ஜானின் வக்கீல் அலுவலகம். 1779-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் அரசியல் சட்டத்தை அவர் இங்கே எழுதினார். அடுத்த வருடம் நடைமுறைக்கு வந்தது, இன்றும் அதுதான் நடப்பில் இருக்கிறது. பயணிகள் எல்லோரும் அந்த மேசையைச் சுற்றி நின்றார்கள். நான் அடுத்த அறையில் நின்றேன்.

1776 மார்ச் 31 அன்று அபிகேல் எழுதிய கடிதத்தை உலகம் அறியும். புதிய சட்டங்கள் செய்யும்போது பெண்களை நினைவில் வையுங்கள், கணவர்கள் கையில் அளவில்லாத அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள், கவனிக்காவிட்டால் நாங்களும் கலகம் செய்வோம் என்று எழுதியது. அதே கடிதத்தில், சக மனிதரை அடிமையாக வைத்திருக்கும் வர்ஜீனியாக்காரர்களுக்குச் சுதந்திர தாகம் அவ்வளவு ஆழமாக இருக்க முடியுமா என்று சந்தேகப்படுகிறார். அபிகேலின் தந்தை பாதிரியார், அவர் வீட்டிலேயே அடிமைகள் இருந்தார்கள். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்துதான் பேசினார். ஜானின் பதில் ஏப்ரல் 14 தேதியிட்டது. படித்துவிட்டுச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை என்கிறார். எனக்கு அந்தப் பதிலை மன்னிக்க மனம் வரவில்லை. அவரை மதிக்கிறேன், அந்தப் பதிலை அல்ல. அபிகேலும் மன்னிக்கவில்லை, தோழி மெர்சி ஓட்டிஸ் வாரனுக்கு மனக்குறையை எழுதி அனுப்பினார்.

ஆனால் அந்த அறையில் எனக்கு நினைவு வந்தது வேறு கடிதம். 1777 ஜூலை. அபிகேல் நிறைமாதம். கணவர் பிலடெல்பியாவில். வயிற்றுக்குள் குழந்தையின் அசைவு நின்றுவிட்டதோ என்ற பயம். பிரசவ வலி எடுத்துவிட்ட இரவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதுகிறார். இந்த நொடி பேனாவைக் கீழே வைக்க வேண்டியிருக்கிறது, தப்ப முடியாத ஒன்றைத் தாங்க வேண்டும் என்கிறார். அடுத்த வரியிலேயே, தாங்கிவிட்டேன், பேனாவைத் திரும்ப எடுத்துவிட்டேன் என்கிறார். அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே ஒரு வலி வந்து போயிருக்கிறது. தாளில் அதற்கு இடமில்லை.

எலிசபெத் என்று பெயர் வைத்த அந்தப் பெண் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. செய்தி பிலடெல்பியாவை அடைய நாள் ஆயிற்று. பார்த்திராத, இனிப் பார்க்கவும் முடியாத ஒரு குழந்தைமேல் இவ்வளவு பாசம் எப்படி வருகிறது என்று ஜூலை 28 அன்று ஜான் எழுதினார். ஏப்ரல் மாதத்து ஜானை மன்னிக்காத நான் ஜூலை மாதத்து ஜானோடு அழுதேன். தங்கை மகள் ஒன்றும் கேட்காமல் கையைப் பிடித்துக்கொண்டாள். வழிகாட்டிய அம்மையார் மற்றவர்களை முன்னால் அனுப்பிவிட்டு எங்களுக்காகக் கதவருகே காத்திருந்தார். "இந்த அறையில் நின்று யாராவது ஒருவர் தினமும் அழுகிறார்கள். பெரும்பாலும் தாய்மார்கள்" என்றார்.

பென் குன்று

வீடுகளிலிருந்து சிறிது தூரம் மேடேறினால் பென் குன்று. இப்போது சுற்றிலும் வீடுகள்தான். உச்சியில் ஒரு கற்குவியலை அடையாளமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். 1775 ஜூன் 17 விடியலில் பீரங்கிச் சத்தம் கேட்டு அபிகேல் ஏழு வயது ஜான் குவின்சியின் கையைப் பிடித்துக்கொண்டு இங்கே ஏறினார். வடக்கே பங்கர் குன்றுச் சண்டை. சார்ல்ஸ்டவுன் ஊர் பற்றி எரிகிறது. அதில் இறந்தவர்களில் ஒருவர் ஜோசப் வாரன், குடும்ப வைத்தியர். விரல் முறிந்து அதை எடுத்துவிட வேண்டியதுதான் என்றிருந்த நிலையில் ஜான் குவின்சியின் விரலைக் காப்பாற்றியவர் அவர்தான். அந்தப் பையனின் கண்ணெதிரே, தூரத்துப் புகையாக, அவர் மரணம்.

மறுநாள் கடிதத்தில் அபிகேல் அதைக் கணவருக்குச் சொல்கிறார். பிலடெல்பியாவில் இருந்த தலைவர்களுக்குப் போர் எப்படிப் போகிறது என்ற நேரடிச் செய்தி இப்படியும், ஒரு குடும்பப் பெண்ணின் கடிதங்களில் போய்ச் சேர்ந்தது. எத்தனை பீரங்கி, எந்தத் துறையில் எத்தனை கப்பல், ஊரில் என்ன விலை, யார் வீட்டில் வயிற்றுக்கடுப்பு. அந்த வருட இலையுதிர் காலத்தில் வயிற்றுக்கடுப்பு ஊரைச் சூறையாடியது. அபிகேலின் தாயும் அதில் போனார். அதையும் எழுதினார்.

குன்றின்மேல் காற்று தவிர வேறு சத்தமில்லை. நாய் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்த முதியவர், எந்தத் திசையில் பார்க்க வேண்டும் என்று கையை நீட்டிக் காட்டினார். மரங்களும் கட்டடங்களும் மறைத்தன. சிறுவயதில் பங்கர் குன்றின் நினைவுத்தூண் இங்கிருந்து தெரியும் என்று அவர் அப்பா சொல்வாராம்.

பீஸ்ஃபீல்ட்

ஐரோப்பாவிலிருந்து திரும்பி ஜானும் அபிகேலும் 1788-ல் குடியேறிய வீடு இது. அதற்கு முன் ஜான் பல வருடம் பாரிஸிலும் ஹாலந்திலும் லண்டனிலும் தூதராக இருந்தார். 1779 நவம்பரில் கப்பலேறியவரை அபிகேல் மறுபடி பார்த்தது 1784 ஆகஸ்டில், லண்டனுக்குத் தானே கடல் தாண்டிப் போய். நடுவில் கடிதங்கள்தாம். எதிரிக் கப்பல் நெருங்கினால் கனமான பொருளைக் கட்டிக் கடிதக் கட்டைக் கடலில் எறிந்துவிடுவார்கள். அட்லாண்டிக்கின் அடியில் எத்தனை கடிதங்கள் கிடக்கின்றனவோ! அந்த வருடங்களில் ஜான் அனுப்பிய துணி, கைக்குட்டை போன்றவற்றை விற்றுத்தான் அபிகேல் குடும்பம் நடத்தினார். நிலம் வாங்கு என்று கணவர் எழுதுவார். அவரோ அரசுக் கடன் பத்திரங்களில் போட்டு நல்ல லாபம் பார்த்தார். மணமான பெண்ணுக்குச் சொந்தச் சொத்து என்று சட்டத்தில் எதுவும் இல்லாத காலத்தில், 1816-ல் தன் கையால் உயில் எழுதி, பெண் உறவினர்களுக்கும் வேலைக்காரப் பெண்களுக்கும் பணத்தைப் பகிர்ந்தார். சட்டப்படி செல்லாத அந்த உயிலை ஜான் அப்படியே நிறைவேற்றினார். சிரித்த கடிதத்துக்கு இது பதிலாகுமா என்று யோசித்துக்கொண்டே தோட்டத்தைச் சுற்றினேன். லண்டனிலிருந்து அபிகேல் கொண்டுவந்து நட்டதாகச் சொல்லும் வெள்ளை ரோஜாச் செடி அங்கே இருக்கிறது. நாங்கள் போனபோது பூ இல்லை, முள்ளும் இலையும்தான்.

மாடியில் ஜானின் படிப்பறை. ஜெஃபர்சனோடு பகை தீர்ந்து எழுதிய கடிதங்களின் அறை. 1800 தேர்தலில் ஜெஃபர்சனிடம் தோற்றவர், அவர் பதவியேற்ற நாளில் விடியுமுன்னே தலைநகரை விட்டுக் கிளம்பிவிட்டார். பிறகு பதினோரு வருடம் இருவருக்கும் கடிதம் இல்லை. பொது நண்பர் பெஞ்சமின் ரஷ் விடாமல் சமாதானம் பேசினார். 1812 புத்தாண்டு அன்று ஜான் நாலு வரி எழுதினார்: எங்கள் ஊர்க் கைநெசவில் இரண்டு துண்டு அனுப்புகிறேன். ஜெஃபர்சன் அதை உண்மையான துணி என்றே எடுத்துக்கொண்டு, தன் பண்ணையில் நடக்கும் நூற்பையும் நெசவையும் பற்றி விரிவாகப் பதில் போட்டார். வந்துசேர்ந்ததோ மகன் ஜான் குவின்சியின் இரண்டு தொகுதிப் புத்தகம்! அந்தத் தவறிலிருந்து நட்பு மறுபடி தழைத்தது. பதினான்கு வருடத்தில் ஜான் 109 கடிதம், ஜெஃபர்சன் 49. இரண்டு பேரும் 1826 ஜூலை 4 அன்று, பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு நாளில், சில மணி நேர இடைவெளியில் இறந்தார்கள்.

கடைசி வருடங்களில் ஜானுக்குக் கை நடுங்கும், கண் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல வீட்டுப் பெண்பிள்ளைகள் எழுதினார்கள். கடிதத்தின் கையெழுத்து ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. அதை வழிகாட்டி சொன்னபோது நான் தங்கை மகளிடம், "அந்த வேலை எனக்குத் தெரியும்" என்றேன்.

தோட்டத்தின் ஓரத்தில் கல்லால் ஆன நூலகம். ஜான் குவின்சி தன் உயிலில், புத்தகங்களும் காகிதங்களும் தீயில் போகாதபடி தனிக் கட்டடம் வேண்டும் என்று எழுதிவைத்தார். மகன் 1870-ல் கட்டினார். மர வீட்டிலிருந்து விலகி, கருங்கல்லில். உள்ளே தரையிலிருந்து கூரைவரை பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள், தோலும் தூசியும் கலந்த மணம். அமிஸ்டாட் கப்பல் வழக்கில் ஜான் குவின்சி வாதாடி விடுவித்த ஆப்பிரிக்கர்கள் நன்றியாகக் கொடுத்த பைபிள் இங்கேதான் இருக்கிறது. கடிதங்களும் ஒருகாலத்தில் இங்கேதான் இருந்தன. 1905-ல் குடும்பத்தார் அறக்கட்டளை அமைத்து, 1956-ல் எல்லாவற்றையும் பாஸ்டன் கழகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். நான்கு தலைமுறை ஒரு காகிதத்தைக்கூடக் கரையான் பார்க்க விடவில்லை. எங்கள் ஊரில் தாத்தா இறந்த பதினாறாம் நாளே அவர் டிரங்குப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டதைப் பார்த்தவள் நான். அந்த வாசலில் நின்று அந்தக் குடும்பத்துக்குக் கைகூப்பினேன்.

தேவாலயத்தின் நிலவறை

ஊர் நடுவே 1828-ல் எழுந்த கருங்கல் தேவாலயம். கல் இந்த ஊருடையது. ஜான் ஊருக்கு எழுதிக்கொடுத்த நிலத்திலிருந்து வெட்டியது. கீழே நிலவறையில் நான்கு கல்பெட்டிகள். இரண்டு ஜனாதிபதிகள், அவர்கள் மனைவிமார். அபிகேல் 1818 அக்டோபர் 28 அன்று டைபாய்டில் போனவர். ஐம்பத்து நான்கு வருட மணவாழ்க்கை. அதில் பல வருடங்கள் பிரிந்திருந்தவர்கள் இப்போது கைநீட்டும் தூரத்தில் கிடக்கிறார்கள். கல்லைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. இனி எழுதிக்கொள்ளத் தேவையில்லாத தூரம்.

திரும்பும் ரயிலில் கூட்டமில்லை. ஜன்னலில் இருட்டு ஏறிக்கொண்டிருந்தது.

"பெரியம்மா, அந்த வேலை தெரியும்னீங்களே?"

"ஆமா. உங்க ஆச்சிக்கு எழுத்து அவ்வளவா வராது. அவ சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். எட்டு வயசுலேர்ந்து."

"தாத்தாவுக்கா? என்ன சொல்வாங்க? ஞாபகம் இருக்கா?"

இருந்தது. சொன்னேன். "அன்புள்ள கணவருக்கு, நாங்கள் நலம், தங்கள் நலம் அறிய ஆவல். இங்கு மழை இல்லை. கிணற்றில் ரெண்டு உறை தண்ணீர் கிடக்கிறது. தீப்பெட்டி ஆபீஸ் ரெண்டு வாரமாக மூடிக் கிடக்கிறது. ஆடு குட்டி போட்டது, கிடாய். சின்னவளுக்கு அம்மை வார்த்து இறங்கி, தலைக்குத் தண்ணீர் விட்டாச்சு. அனுப்பிய ரூபாய் நூறும் வந்தது, கடைக்கு நாற்பது கொடுத்தேன்."

"சின்னவன்னா எங்கம்மா?"

"உங்கம்மாதான்."

"அப்புறம்?"

"அப்புறம், எப்ப வருவீங்கன்னு ஒரு வரி சொல்வா. நான் எழுதுவேன். எழுதின உடனே, அதை அடிச்சிடு, பாவம் அங்க வேலை கெடும்னுவா. எல்லாக் கடிதத்துலயும்."

"அடிச்சிடுவீங்களா?"

"அடிப்பேன். படிக்க முடியற மாதிரி, ஒத்தைக் கோடா அடிப்பேன்."